மூன்று காவலாளிகளும் ஒரு கடலும்

ஜூன் 2, திங்கள்

இன்று லிப்டை நூற்று நாற்பது தடவை ஏற்றி இறக்கினேன். எண்ணவில்லை, ஆனால் அதற்குக் குறைந்திருக்காது. இருபத்தொரு வருடத்தையும் கூட்டினால் நான் நிலாவுக்குப் பாதி வழி போயிருப்பேன் என்று மூன்றாம் மாடி வக்கீலிடம் சொன்னேன். சிரித்தார். சிரித்தாரே தவிர, இல்லை என்று சொல்லவில்லை.

வீட்டில் பெரிய விஷயம் நடந்துகொண்டிருக்கிறது. தங்கை மகள் அவசரமாகப் பிறந்து அவசரமாகவே நடக்கிறவள். அதனால் அவளுக்குப் புயல் என்று நான்தான் பேர் வைத்தேன். அவள் குழந்தைகளுக்கு ஒரு படப்புத்தகம் வரைகிறாள். அவளுடைய முதல் புத்தகம். முழுக்கக் கடலுக்கு அடியில் நடக்கிற கதை. முப்பத்திரண்டு பக்கம். இருபத்தெட்டாம் தேதி பதிப்பகத்தில் கொடுத்தாக வேண்டும். கொடுத்தால் அடுத்த புத்தகமும் அவளுக்குத்தான் என்று பதிப்பக அம்மா சொல்லியிருக்கிறார். கொடுக்காவிட்டால் என்ன ஆகும் என்று சொல்லவில்லை. அதைச் சொல்லவும் வேண்டுமா?

கம்ப்யூட்டர் இருப்பது முன்னறையில், என் கட்டிலுக்கு நேர் எதிரே. வேலை முடிந்து வந்து கால் நீட்டிப் படுத்தால் அவள் முதுகு தெரியும், முதுகுக்கு அப்பால் கடல் தெரியும். நீல வெளிச்சம் சுவரில் அலைகிறது. சில நாள் கட்டில் மெல்ல மிதக்கிறது. சத்தியமாக மிதக்கிறது.

அந்தக் கடலின் மூலையில் இன்று ஒரு மஞ்சள் பெட்டி வந்து நின்றது. ‘உங்கள் பாதுகாப்புக் காலம் முடிந்துவிட்டது.’ கம்ப்யூட்டரோடு வந்த ஆன்டிவைரஸுக்கு ஆயுள் தீர்ந்துவிட்டதாம். புயல் கடைக்காரருக்கு போன் போட்டுக் கேட்டாள்.

“அவர் ஒரு வருஷத்துக்குச் சொல்ற விலைக்கு நான் வரையற பேனாவே புதுசு வாங்கிடலாம் மாமா.”

“விடு கண்ணு. காசே இல்லாம நான் காவல் போடுறேன். ஆறாம் மாடி கம்பெனியில என்னைக் கேட்காம ஒரு மவுஸைக்கூட மாத்த மாட்டாங்க, தெரியுமா?”

“அண்ணா, நீ அங்க கதவைத்தானே திறந்து விடுற?” என்றாள் தங்கை, அடுப்படியிலிருந்து.

கதவைத் திறந்து விடுகிறவனுக்குத்தான் உள்ளே யார் போகிறார்கள் என்று தெரியும். இந்தப் பதில் அப்போது தோன்றவில்லை. இங்கே எழுதி வைக்கிறேன்.

ஜூன் 3, செவ்வாய்

மதியம். எட்டாம் மாடியில் கூட்டம் நடக்கிறது, அரை மணி நேரத்துக்கு யாரும் மணி அடிக்க மாட்டார்கள். முக்காலியில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஆறாம் மாடி மேடத்தைக் காலையில் பிடித்தேன். அந்தக் கம்பெனியின் எல்லாக் கம்ப்யூட்டருக்கும் அவர்தான் வைத்தியர். கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். கீழ்த்தளத்திலிருந்து ஆறாம் மாடிக்கு, நடுவில் யாரும் நிறுத்தாவிட்டால், முப்பத்தெட்டு நொடி. அதற்குள் கேட்டு முடிக்க வேண்டும். கேட்டேன்.

“காசு கொடுக்கணும்னு அவசியமே இல்லண்ணே. வீட்டுக்கு இலவசமா கிடைக்கிறதே போதும். ஆனா முக்கியமா ஒண்ணு—”

கதவு திறந்தது. போய்விட்டார்.

அந்த ‘ஒண்ணு’ என்னவாக இருக்கும்? என்ன பெரிதாக இருந்துவிடப் போகிறது. மீதியை இரவில் எழுதுகிறேன்: மாலை வீட்டுக்கு வந்ததும் இலவச ஆன்டிவைரஸ் ஒன்றை நானே இறக்கி ஏற்றினேன். மூலையில் பச்சை நிறத்தில் ஒரு கேடயம் முளைத்தது. அதற்குப் பின்னால் ஓர் ஆள் நிற்கிற மாதிரியே எனக்குப் பட்டது. மீசை வைத்தவன். நல்லவன்.

ஜூன் 5, வியாழன்

மேடம் இன்று போனில் பேசிக்கொண்டே ஏறினார். நாலாம் மாடி தாண்டும்போது யாரிடமோ, “ஒண்ணுல சிக்காதது இன்னொண்ணுல சிக்கும்” என்றார். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பெரிய மூளைக்காரர்கள் வாயிலிருந்து வருவது பாதிதான், மீதியை நாம்தான் போட்டுக்கொள்ள வேண்டும். வங்கியில் வாசலுக்கு ஓர் ஆள், உள்ளே ஓர் ஆள், பெட்டகத்துக்கு ஓர் ஆள் நிற்கிறார்களா இல்லையா?

மாலையில் இன்னும் இரண்டு ஏற்றினேன். இரண்டுமே இலவசம். ஆக மொத்தம் மூன்று காவலாளிகள். மீசைக்காரன், அடிக்கடி சத்தம் போடுகிற விசில், கூப்பிட்டால் மட்டும் கண் திறக்கிற தூங்குமூஞ்சி. மூலையில் மூன்று கேடயமும் வரிசையாக நின்றன. இவ்வளவு காவல் அரண்மனைக்குக்கூட இருக்காது.

“மூணு எதுக்கு மாமா?” என்றாள் புயல்.

“கம்பெனிக்காரங்களே என்கிட்ட கேட்டுத்தான் இப்படிப் போட்டிருக்காங்க.”

தங்கை பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே, “உங்க மாமா சொன்னா பாதியைக் கழிச்சுக்கோ. மீதியிலயும் பாதியைக் கழிச்சுக்கோ” என்றாள். இந்த வீட்டில் திறமைக்கு மரியாதை கிடையாது. மச்சான் வெளியூர் வேலைக்குப் போன நாளிலிருந்து இந்த வீட்டுக்குத் துணை நான்தான். என்னை நானே நியமித்துக்கொண்டேன்.

ஜூன் 8, ஞாயிறு

கடல் மெதுவாகிவிட்டது.

புயல் ஒரு கோடு இழுக்கிறாள். கோடு எங்கேயோ யோசித்துக்கொண்டு நின்று, பிறகு அவள் கை போன வழியில் தயங்கித் தயங்கி வருகிறது. தேனுக்குள் மீன் நீந்துகிற மாதிரி. அவளுக்கு எரிச்சல். எனக்கோ, உண்மையைச் சொல்ல வேண்டும், பார்க்க அழகாக இருந்தது. ஒரு ஜெல்லி மீனின் கால்கள் ஒவ்வொன்றாக முளைத்தன. எட்டாவது கால் வருவதற்குள் நான் ஒரு தூக்கம் போட்டு, கனவில் லிப்டோடு கடலுக்குள் இறங்கி, ‘இரண்டாம் தளம், பவளம், இறங்குறவங்க இறங்கலாம்’ என்று சொல்லிவிட்டு விழித்தேன். எட்டாவது கால் அப்போதுதான் வந்துகொண்டிருந்தது.

“மாமா, இது நகரவே மாட்டேங்குது. நீங்க போட்டதிலருந்துதான் இப்படி.”

“ஆழமான தண்ணி மெதுவாத்தான் நகரும் கண்ணு.”

“எனக்கு ஆழம் வேணாம். இருபத்தெட்டாம் தேதி வேணும்.”

ஜூன் 9, திங்கள்

மீசைக்காரன் இன்று விசிலைத் திருடன் என்று பிடித்துவிட்டான். இரண்டு பேரையும் சமாதானம் செய்து வைத்தேன்.

ஜூன் 11, புதன்

புயல் இன்று மதியம் முழுக்க ஓர் ஆக்டோபஸ் வரைந்தாள். சேமிக்கப் போன நேரத்தில் திரை உறைந்தது. மீண்டும் போட்டுப் பார்த்தால் ஆக்டோபஸ் இல்லை. அவள் அழவில்லை. எழுந்து போய் முகத்தைக் கழுவிவிட்டு வந்து, முதலிலிருந்து வரைய ஆரம்பித்தாள். அழுதிருந்தால் பரவாயில்லை.

சரி செய்து தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். எப்படி என்று எனக்கே தெரியவில்லை. மேடம் இன்று ஆறு பேரோடு ஏறினார். கேட்க முடியவில்லை. அத்தனை பேர் நடுவில் கேட்டால் எனக்குத் தெரியாது என்று தெரிந்துவிடுமே.

ஜூன் 14, சனி

எழுத வேண்டுமா? எழுதுகிறேன்.

சனிக்கிழமை அரை நாள்தான். நாலு மணிக்கு வீட்டில் நான் மட்டும் இருந்தேன். தங்கையும் புயலும் கண்ணாடிக் கடைக்குப் போயிருந்தார்கள். இரவு பகலாகத் திரையைப் பார்த்துப் பார்த்து அவளுக்குக் கண் எரிகிறதாம். அவள் வருவதற்குள் கம்ப்யூட்டரைக் குதிரை மாதிரி ஓட வைத்துவிடுவேன் என்று உட்கார்ந்தேன்.

வேகமாக்க வழி தேடினேன். ஒரு பக்கத்தைத் திறந்ததும் திரை முழுக்கச் சிவப்பு. ‘உங்கள் கம்ப்யூட்டரில் 214 வைரஸ்கள். இன்னும் இரண்டு நிமிடத்தில் எல்லாம் அழிந்துவிடும்.’ கீழே நொடிகள் ஓடுகின்றன. பக்கத்தில் பெரிய பச்சைப் பொத்தான். இலவசத் துப்புரவு. இருநூற்றுப் பதினாலு! அமுக்கினேன்.

‘தொடர வேண்டுமானால் மற்ற பாதுகாப்புகளை நிறுத்தவும்’ என்று கேட்டது. மூன்று பேரும் தடுத்தார்கள். நிறுத்தவா, நிச்சயமாகவா என்று விசில் இரண்டு முறை கேட்டான். நான்தான் மூன்று பேரையும் ஒவ்வொருவராக வீட்டுக்கு அனுப்பினேன். என் கையால்.

பிறகு நடந்ததை எப்படி எழுதுவது. படங்கள் இருக்கிற பெட்டியைத் திறந்து வைத்திருந்தேன். வரிசையாகச் சின்னச் சின்னக் கடல்கள். முதல் கடல் வெளுத்தது. அது இருந்த இடத்தில் ஒரு வெள்ளைத் தாள், அதன் பெயருக்குப் பின்னால் புரியாத எழுத்தில் ஒரு வால். அடுத்தது வெளுத்தது. அதற்கடுத்தது. சத்தமே இல்லை. ஆமை போயிற்று, பவளம் போயிற்று, இரண்டு முறை வரைந்த ஆக்டோபஸ் போயிற்று. மவுஸை ஆட்டினேன், தட்டினேன். போதும்டா, நிறுத்துடா என்று கத்தினேன். யாரிடம் கத்தினேன்? கடைசிக் கடலும் வெளுத்த பிறகு கறுப்பாக ஒரு பக்கம் வந்தது. பணம் கட்டினால் திறப்போம், ஏழு நாள் கெடு.

மவுஸை மேசைமேல் மெதுவாக வைத்தேன், தூங்குகிற குழந்தையைக் கீழே விடுகிற மாதிரி. அணைத்தேன். சுவரில் நீல வெளிச்சம் இல்லை. அந்தச் சுவர் இவ்வளவு அழுக்கு என்று இன்றுதான் பார்த்தேன்.

ஜூன் 15, ஞாயிறு

காலையில் அவள் கம்ப்யூட்டரைப் போட்டாள். நான் கட்டிலில் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தேன். நாற்காலி பின்னால் தள்ளப்படும் சத்தம்.

“மாமா… மாமா, எந்திரிங்க. எல்லாம் போச்சு.”

என்ன போச்சு என்று கேட்டேன். கேட்டேனே, பாவி.

பதிப்பக அம்மாவுக்கு முன்பே மாதிரிக்கு அனுப்பிய பத்துப் பக்கம் அங்கே இருக்கிறதாம். மீதி இருபத்திரண்டும் இந்த ஒரு பெட்டிக்குள்தான் இருந்தன. வேறு எங்கேயும் பிரதி இல்லை. அவள் தலையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: “வெள்ளிக்கிழமை ஒரு மெயில் வந்துச்சு மாமா. யாருன்னு பார்க்காம திறந்துட்டேன். அதுலதான் வந்திருக்கும். நான்தான்… என் தப்புதான்.”

“கரண்ட் ஏறி இறங்குச்சு நேத்து. அதுலகூட இருக்கலாம்” என்றேன்.

அவள் காதில் விழவில்லை. ‘என் தப்பு, என் தப்பு’ என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஜூன் 16, திங்கள்

நாள் முழுக்க ஏறி இறங்கினேன். இறங்கும்போதெல்லாம் காது அடைத்தது. கதவு மூடினால் தண்ணீருக்குள் போகிற மாதிரி இருந்தது. அடித்தளத்தில் வாகனம் நிறுத்துகிற இடத்தில் ஒரு தடவை தனியாக நின்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். ‘நான்தான்.’ எதிரொலிகூடக் கேட்கவில்லை.

மாலையில் சொல்லிவிட்டேன். செருப்பைக் கழற்றும் முன்பே, வாசலில் நின்றபடியே. சனிக்கிழமை நாலு மணி, சிவப்புப் பக்கம், பச்சைப் பொத்தான், நான் நிறுத்திய மூன்று காவல், எல்லாவற்றையும். ஒரு சொல்கூடக் கூட்டவில்லை. கூட்டுவதற்கு என்ன இருக்கிறது அதில்.

புயல் என்னைப் பார்த்தாள். கோபம் வரும் என்று காத்திருந்தேன். “நேத்தே சொல்லியிருக்கலாமே மாமா. ஒரு நாள் முழுக்க நான்தான்னு நினைச்சுட்டிருந்தேன்” என்றாள். உள்ளே போய்விட்டாள். கதவை அறையவில்லை. மெல்லச் சாத்தினாள்.

தங்கை சொன்னாள்: “அண்ணா, நீ சும்மா இருந்திருந்தா அதுவே பெரிய உதவி.” பிறகு சாப்பாடு எடுத்து வைத்தாள். அதுவும் ஒரு பக்கம் வலித்தது.

ஜூன் 17, செவ்வாய்

இன்று யாரும் என்னோடு பேசவில்லை. லிப்டில் பேசினார்கள். அது கணக்கில் சேராது.

ஜூன் 19, வியாழன்

லிப்டுக்கு இன்று பராமரிப்பு. மெக்கானிக் கயிற்றுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். வருகிறவர்களிடம் மன்னிப்புக் கேட்டுப் படியைக் காட்டுவதுதான் இன்றைக்கு என் வேலை. மேடம் வந்தார். கையில் கனமான பை. “கொடுங்க மேடம், நான் தூக்கிட்டு வர்றேன்” என்றேன்.

ஆறு மாடி. மாடிக்கு இருபத்திரண்டு படி. முதல் தளத்துக்குப் போவதற்குள் நடந்ததை நடந்தபடியே சொல்லி முடித்துவிட்டேன். கூட்டாமல் சொன்னால் ரொம்பச் சின்னதாக இருக்கிறது அது.

மேடம் நின்றுவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ரெண்டு காவல் ஒரே நேரத்துல ஓடக்கூடாதுண்ணே. ஒருத்தன் மேல ஒருத்தன் சந்தேகப்படுவான், நடுவுல மெஷினுக்கு மூச்சு முட்டும். அன்னைக்கு அதைத்தான் சொல்ல வந்தேன்.”

“கதவு திறந்துடுச்சு மேடம்.”

“நானும் திரும்பிப் பார்க்காம போயிட்டேன். போன்ல பேசுனது வேற. ஒண்ணு ஓடிட்டிருக்கும்போது சந்தேகம் வந்தா, இன்னொண்ணை வச்சு ஒரே ஒரு தடவை பார்த்துட்டு எடுத்துடணும். குடி வைக்கக் கூடாது.”

இரண்டாம் தளத்தில், கம்ப்யூட்டரோடு கூடவே வருகிற பாதுகாப்பே வீட்டுக்குப் போதும் என்றார். அதை அணைக்காமல், அப்டேட் கேட்கும்போதெல்லாம் தள்ளிப் போடாமல் செய்துவிட்டால் பாதி வேலை முடிந்ததாம். அந்த மஞ்சள் பெட்டிக்குப் பயந்திருக்கவே தேவையில்லை. பழையதை எடுத்துவிட்டிருந்தால் உள்ளே இருக்கிற காவல் தானே எழுந்து நின்றிருக்கும்.

மூன்றாம் தளத்தில் வக்கீல் எதிரே வந்தார். வழி விட்டோம். பிறகு மேடம் சொன்னார்: “பயமுறுத்தி அவசரப்படுத்துதா? அதான் திருடன். நிஜமான காவல்காரன் நொடியை எண்ணிக் காட்ட மாட்டான். எதை இறக்குனாலும் அதைச் செஞ்சவங்களோட சொந்தப் பக்கத்துல இருந்து மட்டும்.”

நாலாம் தளத்தில் இருவரும் மூச்சு வாங்கினோம். படிக்கட்டுச் சன்னல் வழியாக வெயில் விழுந்து, தூசி மேலும் கீழுமாக மெதுவாக நீந்திக்கொண்டிருந்தது. இருபத்தொரு வருடத்தில் இந்தச் சன்னலை நான் பார்த்ததே இல்லை.

ஐந்தாம் தளம். “வெளியில மாட்டுற டிஸ்க் ஒண்ணு வேணும். வாரம் ஒரு நாள் எல்லாத்தையும் பிரதி எடுத்துட்டு, கழட்டி அலமாரியில வச்சிடணும். மாட்டியே வச்சிருந்தா அதையும் சேர்த்துப் பூட்டிடும். என்கிட்ட பழசு ஒண்ணு சும்மா கிடக்குது, கொண்டு வர்றேன். அப்புறம் உங்களுக்குக் கம்ப்யூட்டர்ல தனியா ஒரு கணக்கு, உள்ளே போக உங்களுக்குன்னு ஒரு வாசல். எதையும் புதுசா ஏத்த முடியாதது.” என்னைப் பார்த்துவிட்டு, “எங்க வீட்டுல என் வீட்டுக்காரருக்கும் அப்படித்தான் வச்சிருக்கேன்” என்றார். நல்ல மனசு.

ஆறாம் தளத்தில் நான் கேட்க வேண்டியதைக் கேட்டேன். பணம் கட்டினால் வருமா?

“கட்டாதீங்க. வாங்கிட்டுத் திறக்காமப் போனவங்கதான் அதிகம். பூட்டுன ஃபைல்களை மட்டும் ஒரு ஓரமா எடுத்து வச்சிட்டு, மெஷினைத் துடைச்சுப் புதுசா போடுங்க. என்னைக்காவது யாராவது சாவி கண்டுபிடிச்சு வெளியிடுவாங்க. வரலாம், வராமலும் போகலாம். அதை நம்பி அந்தப் பிள்ளையை உட்கார வச்சிடாதீங்க.”

பையை வாங்கிக்கொண்டு போனார். நான் படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். முப்பத்தெட்டு நொடியில் வந்து சேருகிற இடத்துக்கு இன்று இருபது நிமிடம் ஆனது.

ஜூன் 21, சனி

மேடம் எழுதித் தந்த தாளை நான் வரி வரியாகப் படித்தேன். புயல் செய்தாள். ஐந்து நாளில் அவள் என்னோடு பேசியது இவ்வளவுதான்: “அடுத்தது?” “அடுத்தது?”

பூட்டிய கடல்களை ஒரு பென் டிரைவில் போட்டாள். கட்டைவிரல் அளவு இருக்கிறது அது. இருபத்திரண்டு பக்கமும் அதற்குள் தூங்குகின்றன. பிறகு எல்லாவற்றையும் துடைத்தோம். எனக்குத் தனி வாசல் வைத்தாள்.

“உங்க பேர்லயே இருக்கு மாமா. பார்க்கலாம், படிக்கலாம். எதையும் ஏத்த முடியாது. சாவி என்கிட்ட.”

“சரிம்மா” என்றேன்.

பதிப்பக அம்மா ஜூலை பன்னிரண்டு வரைக்கும் நேரம் கொடுத்திருக்கிறார். அதற்கு மேல் அச்சகம் காத்திருக்காதாம். இருபத்திரண்டு பக்கம், இருபத்தொரு நாள்.

ஜூன் 24, செவ்வாய்

நீல வெளிச்சம் மறுபடி சுவருக்கு வந்துவிட்டது. நான் பார்க்காத மாதிரி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தேன். அவள் திரும்பாமலே கேட்டாள்.

“பதினேழாம் பக்கத்துல ஆமைக்குப் பின்னாடி என்ன இருந்துச்சு? கை வரைஞ்சுது, மனசுல நிக்கல.”

என்னிடமா கேட்கிறாள்? தங்கை வேறு அறையில் இருந்தாள். என்னிடம்தான்.

“ஒரு நங்கூரம். சாஞ்சு கிடந்துச்சு. அதோட வளையத்துல ஒரு நண்டு, வீட்டுச் சாவியைத் தொலைச்சவன் மாதிரி முழிச்சிட்டிருந்துச்சு.”

“ஆமா, நண்டு” என்றாள். கோடு போகிற சத்தம் கேட்டது. இப்போது கோடு தயங்கவில்லை. அவள் கைக்கு முன்னாலேயே ஓடியது.

மூன்று மாதம் அந்தக் கடலைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தவன் நான். அவள் வரைந்தாள். அதில் குடியிருந்தது நான்.

ஜூலை 1, செவ்வாய்

தினமும் ஒரு பக்கம், சில நாள் இரண்டு. நான் சொல்கிறேன், அவள் வரைகிறாள். பாறை எந்தப் பக்கம், திமிங்கிலத்தின் கண் எவ்வளவு தாழ்வாக இருந்தது, எந்த மீன் எந்த மீனோடு பேச்சை நிறுத்தியிருந்தது எல்லாம் எனக்குத் தெரிகிறது.

இருபத்துமூன்றாம் பக்கத்தில் வந்தது வினை. ஆழத்தில் ஒரு மீன், வாலில் விளக்கு, பின்னால் வருகிற குஞ்சுகளுக்கு வெளிச்சம் காட்டிக்கொண்டு போகிறது என்று சொன்னேன். சொல்லச் சொல்ல அவள் வரைந்தாள். குஞ்சுகளுக்கு எண்ணிக்கைகூடச் சொன்னேன், ஒன்பது. பாதி வரைந்த பிறகுதான் எனக்கே உறைத்தது. அந்தப் பக்கத்தில் அப்படி மீனே கிடையாது. அது ஏதோ ஒரு மதியத்தில் நான் கண்ட கனவு.

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். முடியவில்லை.

“கண்ணு, நிறுத்து. அந்த மீனு… அது அங்க இல்ல.”

அவள் முதல்முறையாகத் திரும்பினாள். பதினைந்து நாளில் முதல்முறை.

“இருந்துச்சா, இருந்திருக்கலாமா?”

“இருந்திருக்கலாம்.”

திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். “அப்ப இருக்கட்டும் மாமா” என்றாள். பத்தாவதாக ஒரு குஞ்சைச் சேர்த்தாள், எல்லாவற்றுக்கும் கடைசியில், வேறு திசையைப் பார்த்துக்கொண்டு வருகிற மாதிரி.

“அது யாரு?”

“யாரா? அளந்துக்கிட்டே வர்ற ஒருத்தர்.”

தங்கை அடுப்படியில் சிரித்தாள்.

ஜூலை 6, ஞாயிறு

பிரதி எடுத்தாள், டிஸ்கைக் கழற்றினாள், அலமாரியில் வைத்தாள். நான் கூடவே நின்றேன். இருபத்தெட்டாம் பக்கம் நடக்கிறது.

ஜூலை 12, சனி

கொடுத்தாயிற்று. முப்பத்திரண்டும்.

பதிப்பக அம்மா மாலையிலேயே போன் செய்தார். புயல் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வைத்தாள். பழைய பத்துப் பக்கத்தைவிடப் புதியவற்றில் ஏதோ நடமாட்டம் அதிகம் இருக்கிறது என்றார். பிறகு, “இந்த விளக்கு மீன் நிஜமாவே உண்டாம்மா?” என்று கேட்டார்.

“மாமா பார்த்திருக்காராம்” என்றாள் புயல்.

“போச்சு, நாளைக்குப் பிள்ளைங்க இதைப் பரீட்சையில எழுதப் போகுதுங்க” என்றாள் தங்கை.

கடலுக்கு அடியில் எவ்வளவோ இருக்கிறது.

செப்டம்பர் 7, ஞாயிறு

இரண்டாவது புத்தகம் வானம். சுவர் இப்போது வெளிறிய சாம்பலும் வெள்ளையுமாக இருக்கிறது. கட்டில் மிதக்கவில்லை, கொஞ்சம் மேலே எழுகிறது.

மதியம் ஒரு மேகத்தைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்தாள். தாள் வாங்கக் கடைக்குப் போக வேண்டுமாம். தங்கை தூங்கிக்கொண்டிருந்தாள்.

“அணைக்கல மாமா. என் கணக்குலதான் ஓடுது. பார்த்துக்குங்க.”

செருப்புச் சத்தம் படியில் இறங்கிப் போயிற்று.

நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். சும்மா பார்க்கத்தான். மேகத்துக்கு இன்னும் வலது தோள் வரவில்லை. அப்போது நடுவில் ஒரு பெட்டி வந்து நின்றது. எதையோ இப்போதே செய்யவா, பிறகு செய்யவா என்று கேட்டது. நல்ல பெட்டியாகவும் இருக்கலாம். அப்டேட்டாகவும் இருக்கலாம். மேலிருந்து கீழே ஒரு முறை படித்தேன். கீழிருந்து மேலே இன்னொரு முறை படித்தேன்.

அவள் திரும்பி வர ஒரு மணி நேரம் ஆயிற்று. அதுவரை கையை மடியில் வைத்துக்கொண்டு, அந்தப் பெட்டிக்குப் பின்னால் தெரிந்த வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு மணி நேரம் இல்லை. இருபது நிமிடம்.